தவறும் தண்டமும்

மாலை வேளையிலே வாகரைக் கடற்கரை மணலில் சிறுவர் கூடி விளையாடும்போது, ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் ஒரு வழக்கு எழுவது இயல்பு. "கோட்டைத் தாண்டினாய்" என்பான் ஒருவன். "தாண்டவில்லை" என்பான் மற்றவன். குரல்கள் உயரும். பந்துக்கு உரியவன் அதைக் கையில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவான். அவ்வேளை அருகிலே வலை திருத்திக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் தலைநிமிர்ந்து ஒரு சொல் சொன்னால், ஆட்டம் மறுபடியும் நடக்கும். அத்தகையவர் அருகில் இல்லையென்றால் அன்றைய விளையாட்டு அத்துடன் முடிந்தது. விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வீரர்களைப் பற்றியே எழுதுகின்றனர். ஆயினும் அந்த வரலாற்றிலே பாதி, வலையை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் சொன்ன அந்தப் பெரியவருக்கு உரியது.

மட்டக்களப்பு நாட்டுக்கு இவ்வுண்மை புதியதன்று. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊர், வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரியும். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு கட்சியாரும் இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். வென்றவர் ஏளனம் செய்தலும், தோற்றவர் மனம் கொதித்தலும் அங்கு உண்டு. ஆகவே கோயிலின் ஒழுங்குக்குள், ஊர்ப் பெரியோர் முன்னிலையிலே, அந்த ஆட்டம் அமைந்தது. இழுக்கும் வலிமையைக் காட்டிலும், இழுத்து முடிந்தபின் ஊர் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற கவலையே பெரியோருக்கு மிகுதியாக இருந்தது.

கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த விளையாட்டுகளுள், இதே கவலையை மிக நுணுக்கமாக எண்ணிச் சட்டமாக்கியது கூடைப்பந்தாட்டம் எனலாம். தவறு செய்தவனை எவ்வாறு தண்டிப்பது? தவறுக்கு ஆளானவனுக்கு எவ்வாறு ஈடு செய்வது? உடலைத் தொடாமல், சொல்லாலும் செய்கையாலும் செய்யும் தவறுக்கு என்ன தண்டம்? தண்டம் வழங்கிய பின்னர் ஆட்டத்தை எங்கே தொடங்குவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் அந்த ஆட்டம் நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளது. அந்தத் தேடலின் வரலாறும், அது மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்த கதையும் இங்கே கூறப்படுகின்றன.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே ஸ்பிறிங்பீல்ட் என்னும் ஊரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. வெளியே பனி மூடிய காலம். உள்ளே அடைபட்ட இளைஞர்களுக்கு உடற்பயிற்சி சலித்துவிட்டது. அவர்களுக்கு உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை அமைத்துத் தருமாறு, கல்லூரியின் உடற்கல்விப் பொறுப்பாளராயிருந்த லூதர் குலிக், தம் கீழ்ப் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரைப் பணித்தார். அந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடா நாட்டவர், முப்பது வயதினர், இறையியலும் கற்றவர்.

நெய்ஸ்மித் முதலிற் சிந்தித்தது ஆட்டத்தின் இன்பத்தைப் பற்றியன்று. அதிலே முரட்டுத்தனம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பற்றியே. பந்தை ஏந்திக்கொண்டு ஓடுபவனைத் தடுப்பதற்காகவே பிறர் அவன்மேற் பாய்கின்றனர் என்று அவர் கண்டார். ஆகவே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுதல் ஆகாது என்றார். இலக்கு நிலத்தில் நிமிர்ந்து நின்றால் பந்தை வேகமாக அடிப்பர். அது தலைக்கு மேலே, வாய் வானை நோக்கிப் படுத்திருந்தால், மெல்ல வளைத்து எறியவே வேண்டும். ஆகவே பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பிலே, பத்தடி உயரத்தில் அறைந்தார். அந்தப் பத்தடி, அதாவது 3.05 மீற்றர், இன்றும் மாறவில்லை.

அவர் வகுத்த விதிகள் பதின்மூன்று. அவை 1892 ஜனவரி 15ஆம் நாள் அக்கல்லூரி இதழிலே அச்சாயின. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறுதல், அடித்தல் ஆகியன தவறுகள். ஒருவன் முதன்முறை தவறினால் அது கணக்கில் வைக்கப்படும். இரண்டாம் முறை தவறினால், அடுத்த கூடை விழும்வரை அவன் வெளியே இருக்க வேண்டும். பிறனுக்குக் காயம் விளைவிக்கும் நோக்கம் வெளிப்படையாயின் ஆட்டம் முழுவதுக்கும் அவன் நீக்கப்படுவான். அவனுக்குப் பதிலாக வேறொருவன் இறங்கவும் முடியாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால், எதிரணிக்கு ஒரு கூடை விழுந்ததாகக் கணக்கு. தொடர்ந்து என்றால், இடையிலே எதிரணி ஒரு தவறும் செய்யாதிருத்தல் என்று விளக்கமும் தரப்பட்டிருந்தது.

இவ்விதிகளிலே கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. நெய்ஸ்மித் ஒரு நடுவரை அல்லர், இருவரை நியமித்தார். ஒருவர் மனிதருக்கு நடுவர். தவறுகளைக் குறித்துக்கொள்வதும், வேண்டியபோது ஆட்டக்காரனை நீக்குவதும் அவர் கடமை. மற்றவர் பந்துக்கு நடுவர்; பந்து களத்துள் உள்ளதா, யாருக்கு உரியது, கூடை விழுந்ததா, நேரம் எவ்வளவு என்பன அவர் பொறுப்பு. ஒரே கண் பந்தையும் மனிதரையும் ஒருங்கே பார்க்க முடியாது என்பதை, ஆட்டம் பிறந்த அன்றே உணர்ந்திருந்தனர். இன்று இரண்டு அல்லது மூன்று நடுவர் களத்தில் நிற்கின்றனர். ஒருவர் பந்தைத் தொடர்ந்து பார்க்கும்போது மற்றவர் பந்தில்லாத இடத்தைப் பார்ப்பது இன்றும் அவர்தம் கலையின் முதற்பாடம்.

ஆயினும் அந்த முதல் விதிகளிலே ஒரு குறை இருந்தது. இரண்டு தவறுகள் வரை எதிரணிக்கு எந்த ஈடும் இல்லை. மூன்றாவது தவறு நிகழ்ந்தாலோ முழுக் கூடை ஒன்று தானாகவே கிடைத்துவிடும். முதலாவது மிகக் குறைந்த தண்டம்; இரண்டாவது உழைப்பின்றி வரும் பரிசு. இதற்கு மாற்றாக 1894இல் ஒரு வழி பிறந்தது. தவறுக்கு ஆளான அணிக்கு, ஒருவரும் தடுக்காத நிலையிலே, ஒரு குறித்த கோட்டிலிருந்து கூடையை நோக்கி எறியும் உரிமை தரப்பட்டது. ஆட்டக்காரர் 'பிறீ துரோ' என்று வழங்கும் தடையற்ற எறிவு இதுவே. முதலில் அக்கோடு இருபதடித் தொலைவில் இருந்தது. அடுத்த ஆண்டே பதினைந்தடிக்கு நெருங்கிவந்தது. சிறிது காலத்துள், ஆட்டத்தின் போக்கிலே போடும் கூடைக்கு இரண்டு புள்ளி, தடையற்ற எறிவுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கும் நிலைபெற்றது.

இந்த ஏற்பாட்டின் நியாயம் ஆழமானது. தவறு செய்தவன் எதைப் பறித்தானோ, அதையே சட்டம் திருப்பிக் கொடுக்கின்றது. கூடையை நோக்கி எறியவிருந்தவனை இடித்துத் தடுத்தாயா? அவன் இப்போது இடிப்பார் எவருமின்றி எறியட்டும். கூடை விழும் என்று சட்டம் உறுதி கூறுவதில்லை. எறிவதற்குரிய அமைதியை மட்டுமே அது தருகின்றது. புள்ளி பெறுவது அவன் கையிலே உள்ளது.

ஆயினும் அங்கும் ஒரு கோணல் நுழைந்தது. யார் இடிபட்டாலும், அணியிலே எறிவதில் வல்லவன் ஒருவனே கோட்டருகே வந்து எறியலாம் என்ற வழக்கம் அமெரிக்காவிலே நெடுங்காலம் நிலவியது. துன்பம் ஒருவனுக்கு, ஈடு மற்றொருவன் கையால் என்றாயிற்று. 1923 - 24ஆம் பருவத்திலே இவ்வழக்கம் நீக்கப்பட்டது. இடிபட்டவன் எவனோ அவனே எறிய வேண்டும் என்ற விதி வந்தது. கை நடுங்கும் இளையவனாயினும் அவனே அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அவனுக்காக வேறொருவன் நிற்க முடியாது. அன்று முதல் ஒவ்வோர் ஆட்டக்காரனும் அந்த எறிவைத் தனியே பயில வேண்டியவனானான்.

உடலைத் தொட்டுச் செய்யும் தவறுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ஆனால் தொடாமற் செய்யும் தவறு? நடுவரை இகழ்ந்து பேசுகின்றான் ஒருவன். எதிராளியின் கண்ணெதிரே கையை ஆட்டிப் பார்வையை மறைக்கின்றான் மற்றொருவன். கூடைக்குள் விழுந்த பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு நேரத்தை வீணாக்குகின்றான் இன்னொருவன். இடிபடாமலே இடிபட்டவன்போல் வீழ்ந்து நடிக்கின்றான் வேறொருவன். இவற்றிலே எவர் உடலுக்கும் ஊறில்லை. ஆயினும் ஆட்டத்துக்கு ஊறு உண்டு. இத்தகையவற்றையே 'டெக்னிக்கல் பவுல்' என்பர். தமிழிலே ஒழுங்குத் தவறு என்றால் பொருந்தும்.

ஒழுங்குத் தவறுக்கும் தண்டம் தடையற்ற எறிவே. ஆனால் எறிபவன் யார் என்பதிலே சட்டம் ஒரு நுட்பமான வேறுபாடு செய்கின்றது. உடல் தவறிலே இடிபட்டவனே எறிய வேண்டும். ஒழுங்குத் தவறிலோ எதிரணியின் பயிற்றுநர் விரும்பிய எவரும் எறியலாம். காரணம் தெளிவு. முன்னதிலே தீங்கு ஒரு மனிதனுக்கு. பின்னதிலே தீங்கு ஆட்டம் முழுவதுக்கும். ஆட்டத்துக்குச் செய்த தீங்குக்கு, ஆட்டத்தின் சார்பிலே எவர் கையும் ஈடு பெறலாம். எல்லோருக்கும் பொதுவான குளத்தைக் கலக்கியவனை, அன்று நீர் எடுக்கவந்த ஒருத்தி மட்டுமே கேட்க வேண்டும் என்பதில்லை. ஊரில் எவரும் கேட்கலாம் அன்றோ?

இத்தண்டத்தின் அளவும் காலப்போக்கிலே சிந்தித்துத் திருத்தப்பட்டது. பல நாடுகளிலே பல விதமாக ஆடப்பட்ட இவ்வாட்டத்துக்குப் பொதுச் சட்டம் வகுக்க, 1932 ஜூன் 18ஆம் நாள் ஜெனீவா நகரில் உலகக் கூடைப்பந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிலே கூடைப்பந்தாட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது, முதல் ஆட்டத்துக்குப் பந்தை மேலே எறிந்து தொடக்கிவைத்தவர் முதியவரான நெய்ஸ்மித் அவர்களே. அண்மைக் காலத்திலே அச்சங்கத்தின் விதிப்படி ஒழுங்குத் தவறுக்கு இரண்டு எறிவுகளும், அதன்மேற் பந்தும் எதிரணிக்கு வழங்கப்பட்டு வந்தன. கோபத்திலே சொன்ன ஒரு சொல்லால் ஆட்டத்தின் முடிவே மாறிவிடக்கூடும் என்ற நிலை அது. 2014இல் எறிவு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இன்று அந்த ஓர் எறிவு முடிந்தபின், பந்து முன்னர் யாருக்கு உரியதாயிருந்ததோ அவருக்கே மீள்கின்றது. தண்டம் குறைந்தது, ஆனால் கண்டிப்பு குறையவில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு ஒழுங்குத் தவறுகள் செய்தவன் களத்தைவிட்டு நீங்க வேண்டும் என்ற விதியும் அதே 2014இல் வந்தது. சிறு தவறுக்குச் சிறு தண்டம், திருந்தாமைக்குப் பெருந்தண்டம் என்பது இதன் கருத்து.

இனி, இச்சட்டம் நடுவரின் கையிலே எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காணலாம். ஆட்டம் தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்னரே நடுவரின் அதிகாரம் தொடங்கிவிடுகின்றது. ஆட்டக்காரர் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் வேளையிலும் அவர் கண் களத்திலே இருக்கும். ஆட்டத்தின் நடுவே ஒருவன் முணுமுணுத்தால் நல்ல நடுவர் உடனே விசிலை வாயில் வைப்பதில்லை. முதலில் ஒரு பார்வை. அடுத்து, பந்து நின்ற வேளையிலே அருகே சென்று ஒரு மெல்லிய எச்சரிக்கை. பெரும்பாலான ஒழுங்குத் தவறுகள் இந்த எச்சரிக்கையோடு பிறக்காமலே போகின்றன. விளக்கம் கேட்க விரும்பும் அணித்தலைவன், பந்து நின்று கடிகாரமும் நின்ற வேளையிலே, பணிவாகக் கேட்கலாம். கேட்பது குற்றமன்று, இகழ்வதே குற்றம்.

எச்சரிக்கையையும் மீறினால் விசில் ஒலிக்கும். நடுவர் ஒரு கையை நிமிர்த்தி, மறு கையின் உள்ளங்கையை அதன் உச்சியில் கிடையாக வைத்து, ஆங்கில எழுத்தாகிய 'டி' வடிவத்தைக் காட்டுவார். பின்னர் தவறு செய்தவனோடு வாதிடாமல், பதிவு மேசைக்கு முன்னே சென்று நிற்பார். அங்கே அவனுடைய எண்ணை விரல்களால் காட்டுவார். தவறின் வகையைக் காட்டுவார். எத்தனை எறிவு என்பதையும் காட்டுவார். மேசையில் இருப்பவர் அவ்வெண்ணுக்கு எதிரே 'டி' என்று எழுதுவார். அந்த எழுத்து அவனுக்குரிய ஐந்து தவறுகளிலே ஒன்றாகவும், அவன் அணியின் தவறுகளிலே ஒன்றாகவும் சேரும். பேரிரைச்சலுக்கு நடுவிலும் இவை யாவும் சொல்லின்றிக் கையாலேயே நடைபெறும். சொல்லிலே கோபம் கலந்துவிடக்கூடும். விரலிலே கலப்பது அரிது.

அடுத்து எறிவு. உடல் தவறுக்குரிய எறிவிலே, கூடையின் இரு பக்கமும் ஆட்டக்காரர் வரிசையாக நிற்பர்; எதிரணியார் மூவர், எறிபவனின் அணியார் இருவர். கடைசி எறிவு தவறினால் திரும்பிவரும் பந்துக்காக அவர்கள் காத்து நிற்பர். ஒழுங்குத் தவறுக்குரிய எறிவிலோ அந்த வரிசை இல்லை. எறிபவன் ஒருவன் மட்டும் கோட்டிலே நிற்க, ஏனையோர் அவனுக்குப் பின்னே விலகி நிற்பர். நடுவர் பந்தை அவன் கையிற் சேர்ப்பார். அதன்பின் அவனுக்கு ஐந்து விநாடி. பலகையிலிருந்து ஏறத்தாழ 4.6 மீற்றர் தொலைவு. பந்து வளையத்தைத் தொடும்வரை அவன் கோட்டைத் தாண்டலாகாது. எதிரணியார் கை தட்டியோ குரல் எழுப்பியோ அவன் கவனத்தைக் கலைத்தலும் ஆகாது. கலைத்து, எறிவும் தவறினால், அவனுக்கு மீண்டும் ஓர் எறிவு கிடைக்கும்.

மின்னல் வேகத்திலே ஓடும் ஓர் ஆட்டத்தின் நடுவில், இந்த ஐந்து விநாடி ஒரு தனி உலகம். பத்துப் பேர் ஓடிய களத்திலே ஒருவன் மட்டும் அசைகின்றான். பார்ப்போர் அனைவரின் மூச்சும் அவன் விரல்நுனியிலே தங்குகின்றது. அவன் எறிகின்றான், ஒரு புள்ளி கிடைக்கின்றது, அல்லது கிடைக்காமற் போகின்றது. எப்படியாயினும் கணக்கு அங்கே தீர்ந்துவிடுகின்றது. அதே தவறுக்காக மறுபடியும் எவரும் எவரையும் பழிவாங்க வேண்டியதில்லை. இரு அணியாரும் ஒருங்கே சமமாகத் தவறியிருந்தால், இரு தண்டமும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

இச்சட்டத்திலே நம் நாட்டவர்க்கு மிகக் கடினமான பகுதி ஒன்று உண்டு. ஒழுங்குத் தவறு ஆட்டக்காரனுக்கு மட்டும் உரியதன்று, பயிற்றுநருக்கும் உரியது. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநர் நடுவரை இகழ்ந்தால், அவர் பெயருக்கு எதிரேயும் எழுத்து விழும். தம் நடத்தைக்காக இரண்டு முறை அவ்வாறு குறிக்கப்பட்டால், அவர் அரங்கைவிட்டு வெளியேற வேண்டும். பள்ளி ஆட்டங்களிலே விசில் பிடிப்பவர் பெரும்பாலும் வேறொரு பள்ளியின் ஆசிரியராகவோ, பழைய மாணவராகவோ இருப்பது வழக்கம். தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எதிரே பயிற்றுநராக நிற்பதும் உண்டு. மூத்தோரை எதிர்த்துப் பேசாத மரபிலே வளர்ந்த ஓர் இளைஞர், மாணவர் அனைவரும் பார்த்திருக்க, அந்த ஆசிரியரை நோக்கி 'டி' காட்டுவது எளிதா? ஆயினும் காட்டாவிட்டால், அதே குற்றத்துக்காகச் சற்று முன்னர் தண்டம் பெற்ற பதினாறு வயது மாணவனுக்கு அவர் என்ன விடை சொல்வார்? திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய காரணம் இத்தகைய வேளையிலேதான் நன்கு விளங்குகின்றது. வேண்டாதவனிடத்தே நடுநிலை காட்டுவது எளிது. வேண்டியவரிடத்தே காட்டுவதே அரிது.

இந்த ஆட்டம் மட்டக்களப்புக்குப் பெருவழக்காக வந்தது கல்விக்கூடத்தின் வாயிலாகவே. 1873இலே தொடங்கிய பள்ளியின் வழிவந்த புனித மிக்கேல் கல்லூரி, முதலில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியரின் பொறுப்பிலே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து அச்சபையினர் பலர் இங்கு வந்தனர். தாம் இளமையில் ஆடிய கூடைப்பந்தையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். வாவியால் சூழப்பட்ட புளியந்தீவிலே, வெயில் காயும் திறந்த களத்தில், தமிழ் மாணவர் பத்தடி உயரத்து வளையத்தை நோக்கிப் பந்தெறியப் பழகினர். கல்லூரியின் பெயரும் கூடைப்பந்தாட்டமும் இணைத்துச் சொல்லப்படும் நிலை பின்னர் உருவாயிற்று. அத்துறவியருள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கின்றது. ஹரி மில்லர் அடிகளார் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணோடு வாழ்ந்து, 2013 ஜனவரி முதலாம் நாள் மட்டக்களப்பிலேயே கண்மூடினார்.

கூடைப்பந்தாட்டம் என்றதும் மட்டக்களப்பார் நினைவுக்கு முதலில் வருபவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1923இல் லூசியானா மாநிலத்திலே பிறந்தவர்; 1948இல் இலங்கைக்கு வந்தவர். கிழக்கு மாகாணத்துப் பள்ளிகளிலே ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் தொண்டாற்றியவர். பிற்காலத்திலே மட்டக்களப்பிலுள்ள தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தை நடத்தி, தமிழரும் முஸ்லிம்களும் கைத்தொழில் பயில வழிசெய்தவர். பயிற்றுநர் ஒருவர் மாணவனுக்குக் கற்பிப்பது பந்தெறியும் முறையை மட்டுமா? விசில் ஒலித்ததும் நிற்கக் கற்பிக்கின்றார். தன் தவறு சுட்டப்படும்போது வாய்மூடி நிற்கக் கற்பிக்கின்றார். தீர்ப்பு தனக்கு எதிராயினும் அடுத்த பந்தை ஆடக் கற்பிக்கின்றார். ஆண்டுதோறும் புதிய மாணவர்க்கு இப்பாடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிழக்கு மாகாணம் எங்கும் குருதி சிந்திய மாதம். கோயிலும் பள்ளிவாசலும் அடைக்கலம் தரவியலாத நாட்கள் அவை. வாழைச்சேனையிலே இடருற்றிருந்த கன்னியாத்திரியருக்கு உதவுவதற்காக ஹேபர்ட் அடிகளார் அங்கு சென்றிருந்தார். ஆகஸ்டு 15ஆம் நாள், தமது ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். தமிழ் இளைஞர் ஒருவரும் உடன் வந்தார். இருவரும் வீடு வந்து சேரவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது யாது என்பது இன்றுவரை தெளிவாக்கப்படவில்லை.

கூடைப்பந்தாட்டக் களத்திலே ஒரு மாணவன் மற்றொருவனின் முழங்கையை இலேசாகத் தட்டினாலும் ஒருவர் பார்க்கின்றார், விசில் ஒலிக்கின்றது, கை உயர்கின்றது, எண் காட்டப்படுகின்றது, மேசையிலே எழுதப்படுகின்றது, தட்டுண்டவன் கோட்டருகே நின்று தன் ஈட்டைப் பெறுகின்றான். அந்த ஒழுங்கை நான்கு தசாப்தங்களாக இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவர் மறைந்தபோது, விசில் ஒலிக்கவில்லை, கை உயரவில்லை, எவர் எண்ணும் எந்த மேசையிலும் எழுதப்படவில்லை. அவரோடு மறைந்த அந்த இளைஞருக்கும் அவ்வாறே. அந்த ஆண்டிலும் அதன் பின்னரும் காணாமற்போன எத்தனையோ தமிழருக்கும், முஸ்லிம்களுக்கும், சிங்களவருக்கும் அவ்வாறே. தவறு நடந்தது என்று கூறுவதற்கே நடுவர் ஒருவர் இல்லாத களம் எத்தகையது என்பதை மட்டக்களப்பு நாடு அறிந்த அளவுக்கு வேறெந்த நாடும் அறிந்திருத்தல் அரிது.

வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் நீளம். அஃது அந்த வாழைச்சேனை வழியாகவே செல்கின்றது. 2004இல் கடல் பொங்கி வாகரைக் கரையைச் சிதைத்தது. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் போர் அங்குள்ள மக்களை ஊரைவிட்டே பெயர்த்தது. அவர்கள் மீண்டு வந்தனர். பள்ளி மணி மறுபடியும் ஒலித்தது. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் பந்தோடு மணலுக்கு ஓடினர். எங்கே பிள்ளைகள் கூடுகின்றனரோ அங்கே வழக்கும் கூடும். "கோட்டைத் தாண்டினாய்" என்ற குரல் மறுபடியும் எழும்.

அப்போது அருகிலுள்ள பெரியோர் என்ன செய்கின்றனர் என்பதிலே ஓர் ஊரின் எதிர்காலம் சிறிதளவேனும் தங்கியிருக்கின்றது. தம் பிள்ளை என்பதற்காகத் தவறை மறைத்தால் பிள்ளை ஒன்றைக் கற்கும். அயற்பிள்ளை என்பதற்காகத் தண்டத்தைக் கூட்டினால் இரு பிள்ளைகளும் வேறொன்றைக் கற்கும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, தவறின் அளவுக்குத் தண்டம் வைத்து, தீங்குற்றவனுக்கு அவன் இழந்ததை மீட்டுக்கொடுத்து, பின்னர் ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே அதை மறுபடியும் தொடங்கிவைத்தால், அப்பிள்ளைகள் கற்பது மூன்றாவதொன்று. அந்த மூன்றாவது பாடமே கூடைப்பந்தாட்ட நடுவரின் நூற்றாண்டுக் கால அனுபவம். அதைக் கற்பிக்கப் பலகையும் வளையமும்கூட வேண்டியதில்லை. மணலிலே கீறிய ஒரு கோடும், அந்தக் கோட்டை நேராகப் பார்க்கும் ஒரு கண்ணும் போதும்.